உயிர்வேலிகளுக்கு நடுவே

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இட்டேரி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருபுறமும் கிளுவையும் கள்ளியும் அடர்ந்த உயிர்வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு ஒரு தடம். பல தலைமுறைகளாக வண்டிச் சக்கரமும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அரித்ததில் அந்தத் தடம் பக்கத்து நிலங்களைவிடத் தாழ்ந்து கிடக்கும். அதுதான் இட்டேரி. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, அஞ்சல் துறையில் சேர்ந்து, முதல் 12 ஆண்டுகள் சைக்கிளில் தபால் சுமந்தவன் என்பதால் இட்டேரிகளை எனக்கு நன்றாகத் தெரியும். சென்ற செப்டம்பர் மாதம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள சஃபோக் மாவட்டத்தில் ஒரு கிராமச் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது, "அட, இது இட்டேரி அல்லவா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தார் போட்ட இட்டேரி, அவ்வளவுதான் வேறுபாடு. கிளுவை இருக்க வேண்டிய இடத்தில் ஹாதார்ன் என்னும் முள்மரமும், கள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாகப் பழுத்துத் தொங்கும் பிளாக்பெர்ரிக் கொடியும் இருந்தன.

என் மகளும் மருமகனும் இப்ஸ்விச் நகரில் வசிக்கிறார்கள். மருமகன் சைக்கிளில் ஊர் சுற்றுவதில் விருப்பமுள்ளவர். அவரும் நானுமாக உட்பிரிட்ஜ் என்னும் ஆற்றங்கரை ஊரில் தொடங்கி ஹேல்ஸ்வொர்த் என்னும் ஊர் வரை நான்கு நாட்களில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனோம். கணக்கில் கெட்டிக்கார நேயர்கள் இதற்குள் வகுத்துப் பார்த்திருப்பார்கள்: நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர். சைக்கிள் பந்தயக்காரர் ஒருவர் அதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் நிற்பார். நாங்கள் அதற்கு ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்துக்கொள்வதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிற அந்தச் சாலைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், அந்தச் சாலைகள் ஏன் அப்படி வளைகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பழங்காலத்தில் ஊர்ப் பொதுவாகக் கிடந்த பெருவயல்களை, பெரும்பாலும் 1750க்கும் 1850க்கும் இடையே, நாடாளுமன்றச் சட்டங்கள் மூலம் துண்டு துண்டாகப் பிரித்து வேலியிட்டார்கள். அப்போது நில அளவையாளர்கள் வரைபடத்தின் மேல் கோல் வைத்துக் கோடு கிழித்தார்கள். அங்கேயுள்ள சாலைகள் நேராக, இரு ஓரமும் அகலமான புல்தரையோடு ஓடுகின்றன. சஃபோக்கின் பெரும்பகுதியில் நிலைமை வேறு. அங்கே நிலங்கள் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே, சிறிது சிறிதாக, யாருடைய திட்டமும் இல்லாமல் வேலிக்குள் வந்துவிட்டன. வயல் முதலில் வந்தது, சாலை பிறகு வந்தது. ஆகவே சாலை ஒவ்வொரு வயலின் மூலையையும் சுற்றிக்கொண்டு, ஒரு பண்ணை வீட்டின் வாசலைத் தொட்டு, ஒரு குளத்துக்கு ஒதுங்கி, அரைக் கிலோமீட்டர் தூரத்தை ஒரு கிலோமீட்டராக்கிக் கொண்டு போகிறது. காரில் போகிறவருக்கு இது எரிச்சல். சைக்கிளில் போகிறவருக்கோ ஐம்பது அடிக்கு ஒரு முறை திரை விலகுகிறது.

அந்த உயிர்வேலியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 30 கஜ நீளத்துக்குள் எத்தனை வகை மரஞ்செடிகள் இருக்கின்றனவோ, அத்தனை நூற்றாண்டு வயது அந்த வேலிக்கு என்று ஒரு கணக்கு அங்கே வழங்குகிறது. அதை அப்படியே நம்ப முடியாது என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஹாதார்ன், பிளாக்தார்ன், ஹேசல், மேப்பிள், காட்டு ரோஜா, ஓக் என்று எண்ணிக்கொண்டு போவது, மேடு ஏறிக் களைத்த 63 வயதுக்காரர் ஒருவர் மருமகனுக்கு முன்னால் மரியாதை குறையாமல் இறங்கி நிற்பதற்கு மிக நல்ல காரணம். பண்ணைகளின் வேலிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டக் கூடாது என்பது அந்நாட்டு விதி. பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் அது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் வெட்டுக் கருவியைப் பூட்டிக்கொண்டு விவசாயிகள் புறப்பட்டுவிடுவார்கள். இந்த விதியை நான் ஏன் இவ்வளவு நினைவில் வைத்திருக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. அது இரண்டாம் நாள் கதை.

ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர் எல்லையைத் தாண்டியதும், வேறு பலகை வைக்காத இடங்களில், இந்த மூன்று மீட்டர் அகலச் சாலைகளுக்கும் சட்டப்படியான வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டருக்கு மேல். இதைவிட அபத்தமான சட்டத்தை நான் கண்டதில்லை. நல்ல வேளையாக அங்குள்ளவர்கள் பெரும்பாலும் சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் போவதில்லை. சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2022ல் திருத்தப்பட்ட அவர்களுடைய சாலை விதிநூல் சொல்கிறது. அந்த இடைவெளிக்கே இடமில்லாத சாலையில், பின்னால் வரும் கார் பொறுமையாக ஊர்ந்து வரும். சற்று அகலமான இடம் வந்ததும் நாம் ஒதுங்கி நின்று கை காட்ட வேண்டும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒற்றை விரல் வணக்கத்தை இரண்டே நாளில் நானும் கற்றுக்கொண்டேன்.

இப்படிச் சைக்கிளில் ஊர் சுற்றும் பழக்கம் அங்கே நேற்று வந்ததல்ல. பெரிய முன்சக்கரத்தின் மேல் ஆளுயரத்தில் உட்கார்ந்து ஓட்டிய காலத்திலேயே, 1878ல், ஹாரோகேட் என்னும் ஊரில் சைக்கிள் பயணிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1885ல் கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாக, பின்சக்கரத்துக்குச் செயின் போட்ட "ரோவர்" வண்டியைக் கொண்டுவந்தார். 1888ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு கேட்க வேண்டுமா? 1899ல் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 60,000ஐத் தாண்டியது. செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகை நட்டதும், சைக்கிள்காரர்களை முகஞ்சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் விடுதிகளின் சுவரில் இறக்கை முளைத்த சக்கரத்தின் சின்னத்தைப் பதித்ததும் அந்தச் சங்கம்தான். சில பழைய விடுதிகளில் அந்த வார்ப்பிரும்புச் சின்னம் இன்னும் இருக்கிறது.

முகஞ்சுளித்தவர்களும் இருந்தார்கள். 1898ல் ஹார்பர்ட்டன் சீமாட்டி என்பவர் பாவாடைக்குப் பதிலாகச் சைக்கிள் ஓட்டத் தோதான தொளதொளத்த காற்சட்டை அணிந்து, சரே மாவட்டத்து ஆக்கம் என்ற ஊரிலுள்ள விடுதிக்குச் சாப்பிடப் போனார். அந்த உடையோடு உணவறைக்குள் வரக் கூடாது, வேண்டுமானால் ஆண்கள் குடிக்கும் பகுதியில் உட்காரலாம் என்று விடுதிக்காரப் பெண்மணி சொல்லிவிட்டார். சங்கம் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு தோற்றது. தோற்ற வழக்குதான், ஆனாலும் பெண்கள் அந்த உடையைக் கைவிடவுமில்லை, சைக்கிளைக் கைவிடவுமில்லை.

நான் தபால் சுமந்த வண்டி ஹெர்குலிஸ். அது பர்மிங்காமில் பிறந்த பெயர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டோடு 1949ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் நம் ஊர்களுக்கு வந்தன. ஆகவே இங்கிலாந்துச் சாலையில் ஏறி மிதித்தபோது, பெண் வீட்டுக்குப் போன மாமனாரைப் போல நானும், பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணைப் போல என் கால்களில் இருந்த பழக்கமும் ஒருங்கே வந்து சேர்ந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கேயும் இடப்பக்கமாகவே ஓட்ட வேண்டும் என்பது கூடுதல் ஆறுதல்.

வழி காட்ட மருமகனிடம் கைப்பேசி இருந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லாததால், 1791ல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு நில அளவைத் துறையின் காகித வரைபடங்கள் இரண்டை வாங்கினோம். பிரிட்டன் முழுவதையும் 204 தாள்களில் அடக்கிய வரிசை அது. எங்களுக்குத் தேவைப்பட்டவை 156, 169 என்ற எண்களுள்ள தாள்கள். அதில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சமம். பெருஞ்சாலைகள் சிவப்பிலும் பச்சையிலும், அடுத்த நிலைச் சாலைகள் ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும். அவற்றை மறந்துவிட வேண்டும். நமக்கு வேண்டியது மஞ்சள் கோடு, அதிலும் மெலிந்த மஞ்சள் கோடு. நான்கு மீட்டருக்கும் குறைந்த அகலம் என்பது அந்த மெலிவுக்குப் பொருள். கோட்டின் மேல் ஓர் அம்புமுனை இருந்தால் ஏழுக்கு ஒன்று என்ற ஏற்றத்தைவிடக் கடுமை. இரண்டு அம்புமுனை இருந்தால் ஐந்துக்கு ஒன்றைவிடக் கடுமை, அங்கே இறங்கித் தள்ளுவதுதான் அறிவு. சஃபோக்கில் அந்தக் கவலை அதிகம் இல்லை, மாவட்டத்தின் மிக உயரமான இடமே 128 மீட்டர்தான். தேவாலயத்துக்குக்கூட அந்த வரைபடத்தில் தனித்தனிக் குறி உண்டு. சிலுவைக்குக் கீழே கறுப்புச் சதுரம் இருந்தால் அந்தக் கோயிலுக்குச் சதுரக் கோபுரம் உண்டு. கறுப்பு வட்டம் இருந்தால் கூர்ங்கோபுரம். வெறும் சிலுவையானால் இரண்டும் இல்லை. வேலிக்கு மேலே தொலைவில் கோபுரம் தலைகாட்டும்போது, தாளைப் பார்த்து "இது இன்ன ஊர்" என்று அடித்துச் சொல்லிவிடலாம். தபால்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு சனிக்கிழமை காலையில் இப்ஸ்விச்சிலிருந்து ரயிலில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு உட்பிரிட்ஜில் இறங்கினோம். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அந்த ரயில் பாதையே தப்பிப் பிழைத்த பாதை. 1963ல் வெளியான பீச்சிங் அறிக்கை, வருமானம் இல்லையென்று மூடச் சொன்ன பாதைகளில் அதுவும் ஒன்று. அப்படி மூடப்பட்டவற்றில் பல இன்று சைக்கிள் பாதைகளாகிவிட்டன. பிரிஸ்டலில் 1977ல் கூடிய ஆர்வலர் குழு ஒன்று தொடங்கி வைத்த வேலை அது. பிரிஸ்டலிலிருந்து பாத் நகரம் வரை 13 மைல் நீளத்துக்கு அவர்கள் பழைய ரயில் தடத்தைச் செப்பனிட்டதிலிருந்து வளர்ந்ததுதான் நாடளாவிய சைக்கிள் வழித்தடங்கள். நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் எண் எழுதியிருப்பார்கள். உட்பிரிட்ஜ் வழியாகப் போவது முதலாம் எண் வழித்தடம்.

உட்பிரிட்ஜில் டெபென் ஆற்றின் கரையில் வெள்ளைப் பலகை வேய்ந்த ஓர் ஆலை இருக்கிறது. கடல் ஏறும்போது தண்ணீரைக் குளத்தில் பிடித்து வைத்து, கடல் இறங்கியபின் திறந்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்ற வைத்துக் கோதுமை அரைக்கும் ஆலை. 1170 முதல் அந்த இடத்தில் ஆலை இருந்ததற்குப் பதிவு உண்டு. ஆற்றைத் தாண்டி ஒரு மேடு ஏறினால் சட்டன் ஹூ. 1939ல் அங்கே ஒரு மண்மேட்டைத் தோண்டிய பேசில் பிரவுன் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவர், குத்தகை விவசாயி, தானாகவே படித்துத் தொல்லியல் கற்றவர். சஃபோக்கின் வடபகுதி வயல்களில் ரோமானியர் காலத் தடயங்களைத் தேடிச் சைக்கிளிலேயே சுற்றியவர். நிலத்தின் சொந்தக்காரரான ஈடித் பிரெட்டி அம்மையார் அவரை வாரம் 30 ஷில்லிங் கூலிக்கு அமர்த்தினார். மண்ணுக்குள் அவர் கண்டது 27 மீட்டர் நீளக் கப்பலின் அச்சு. மரம் முழுவதும் மக்கிவிட்டது; பலகைகளைப் பிணைத்த இரும்பு ஆணிகள் மட்டும் வரிசை வரிசையாக, இருந்த இடத்திலேயே துருப்பிடித்து நின்றன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசனைக் கப்பலோடு புதைத்த இடம் அது. அங்கே கிடைத்த பொன்னும் மணியும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. மேட்டில் இப்போது புல்தான். ஆனால் வயல் வயலாக மெல்லப் போகிற ஒருவரின் கண்ணுக்கு என்னென்ன படும் என்பதை அந்தப் புல்மேட்டின் அருகே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நினைத்துப் பார்த்தேன்.

அதற்குத் தெற்கே மண் மணலாகிவிடுகிறது. அந்த மணல் வயல்களில் பன்றிகளைத் திறந்தவெளியில் வளர்க்கிறார்கள். அரைவட்டமாக வளைத்த தகரக் குடிசைகள் வரிசையாக நூற்றுக்கணக்கில்; ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு தாய்ப்பன்றி, காது கண்ணை மறைக்க, திண்ணையில் உட்கார்ந்த பெரியவரைப் போலப் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. பிறகு பட்லி ஆறு. அதைக் கடக்கப் பாலமில்லை. ஈஸ்டர் முதல் இலையுதிர் காலம் வரை வார இறுதிகளில் தன்னார்வலர்கள் துடுப்புப் போடும் சின்னஞ்சிறு படகு உண்டு. ஆற்றங்கரை மேட்டின் மேல் நடப்பவர்களுக்கு மட்டுமான பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். இந்த வேறுபாட்டை அங்கே போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். நடைபாதை நடப்பவருக்கு மட்டும் உரியது. குதிரைப் பாதையில், 1968ல் வந்த நாட்டுப்புறச் சட்டத்தின்படி, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட்டுச் சைக்கிளில் போகலாம். எதிர்க்கரையை நோக்கிக் கையசைத்ததும் படகுக்காரர் தேநீர்க் குப்பியை மூடி வைத்துவிட்டு வந்தார். முதலில் என் சைக்கிள், பிறகு மருமகனின் சைக்கிள், பிறகு நாங்கள். ஐந்து நிமிடப் பயணம். அதைச் சாலை வழியாகச் சுற்றினால் ஒரு மணி நேரமாவது ஆகும். அன்றிரவு ஆர்ஃபோர்டில் தங்கினோம். இரண்டாம் ஹென்றி மன்னன் 1165ல் கட்டத் தொடங்கிய கோட்டைக் கோபுரம் ஜன்னலிலிருந்து தெரிந்தது.

இரண்டாம் நாள் ஆர்ஃபோர்டிலிருந்து ஸ்னேப் போகும் வழியில் ஒரு வளைவு தாண்டியதும் பின்சக்கரம் தளர்ந்து ரிம் தரையில் தட்டியது. சாலை முழுவதும் புதிதாக வெட்டிப் போட்ட ஹாதார்ன் துணுக்குகள். செப்டம்பர் முதல் வாரம் அல்லவா? "புது டியூப் இருக்கு மாமா, மாட்டிட்டுக் கிளம்பலாம்" என்றார் மருமகன். "இருங்க மாப்பிள்ளை, ஒட்டியே பார்த்துடலாம்" என்றேன். டியூபைக் கழற்றிக் காற்றடித்து, உதட்டுக்கு அருகே மெல்ல நகர்த்தினால் ஓட்டையிலிருந்து வரும் காற்று ஊசி போலப் படும். எங்கள் ஊர்க் கடைக்காரர் தண்ணீர்த் தட்டு இல்லாத இடத்தில் அப்படித்தான் பார்ப்பார். பேனாவால் வட்டம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஈரம் போய், விரல் பட்டால் ஒட்டுகிற பதம் வரும்வரை ஒட்டுத்துண்டை வைக்கக் கூடாது. பஞ்சர் நிற்காமல் போவதற்கு முக்கால் காரணம் இந்த ஐந்து நிமிடப் பொறுமையின்மைதான்.

நாங்கள் சாலையை அடைத்துக்கொண்டு குந்தியிருந்த அந்த நேரம் பார்த்து, வேலி வெட்டும் அதே டிராக்டர் திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் எங்களையும் சக்கரத்தையும் பார்த்தார், எஞ்சினை அணைத்தார். "என் வேலி முள்ளாகத்தான் இருக்கும்" என்றார். ஹாரன் அடிக்கவில்லை, இறங்கவுமில்லை. சொல்யூஷன் காயும்வரை அவரும் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒட்டுத்துண்டை அழுத்திய பிறகு மருமகன் டியூபை உள்ளே செருகப் போனார். நான் தடுத்து, டயரின் உட்புறம் கட்டைவிரலை மெல்ல ஓட்டினேன். அரை அரிசி நீளத்துக்கு ஒரு முள்முனை உள்ளே நின்றிருந்தது. புது டியூப் போட்டிருந்தால் அதுவும் நூறு மீட்டருக்குள் போயிருக்கும். மருமகன் அன்று முழுவதும் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் எந்தச் சாலையில் திரும்புவது என்று என்னைக் கேட்கத் தொடங்கினார்.

அந்தப் பஞ்சரால் இன்னொன்று நேர்ந்தது. பகல் உணவுக்கு நினைத்திருந்த விடுதியை இரண்டு மணி பத்து நிமிடத்துக்குச் சென்றடைந்தோம். சமையலறையை இரண்டுக்கே மூடிவிட்டார்கள். நாட்டுப்புற இங்கிலாந்தில் பயணத்தின் காலக் கணக்கைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் அல்ல, அடுப்பு. பன்னிரண்டு முதல் இரண்டு வரை அடுப்பு எரியும்; பிறகு மாலை ஆறு வரை உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்தான். ஸ்னேப்பில், பியருக்காகப் பார்லியை முளைகட்டிப் பக்குவப்படுத்திய பழைய மால்ட் ஆலையை 1967ல் இசையரங்காக மாற்றியிருக்கிறார்கள். அங்கே தேநீரும் ஸ்கோன் என்னும் சிறு ரொட்டியும் கிடைத்தன. அன்று ஆல்ட்பரா கடற்கரை வரை போய் நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாம் நாள் வடக்கே திரும்பினோம். தார்ப்னஸ் என்னும் ஊரில், தண்ணீர்த் தொட்டி அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று 1923ல் அதை ஒரு வீடுபோல வேடமிட்டு உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதைத் தாண்டி அணுமின் நிலையத்தின் வெள்ளைக் குமிழ் ஒரு மணி நேரம் நம்மோடு கூடவே வரும். வண்டியில் போகிறவர்கள் அதை ஒரு நொடியில் கடந்துவிடுவார்கள். எங்களுக்கு அது வலப்பக்கம் இருந்து, எதிரே வந்து, பின்னால் போகும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. மெல்லப் போவதில் அழகானவை மட்டும் அதிக நேரம் தெரிவதில்லை. அதற்கு வடக்கே மின்ஸ்மியர் சதுப்பு நிலம். இரண்டாம் உலகப் போரின்போது எதிரி இறங்கிவிடுவான் என்று அந்தத் தாழ்நிலத்தில் வேண்டுமென்றே தண்ணீரைத் தேக்கினார்கள். எதிரி வரவில்லை. நூறாண்டாக அந்நாட்டில் கூடு கட்டாதிருந்த அவொசெட் என்னும் மேல்நோக்கி வளைந்த அலகுள்ள பறவை, 1947ல் அங்கே வந்து குஞ்சு பொரித்தது.

டன்விச் இப்போது ஒரே தெரு. இடைக்காலத்தில் அது பெரிய துறைமுக நகரம். 1286ல் வந்த புயலில் தொடங்கி, நகரம் தெருத் தெருவாகக் கடலுக்குள் சரிந்தது. ஏறத்தாழ ஆள் இல்லாமல் போன பிறகும் 1832 வரை அந்த ஊர் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. கடைசியாக நின்ற ஆல் செயின்ட்ஸ் ஆலயத்தின் கோபுரம் 1919ல் விழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில், முழுநிலவை ஒட்டிய சனிக்கிழமை இரவில், லண்டனிலிருந்து புறப்பட்டு விடிய விடிய மிதித்துச் சூரியன் எழும் நேரத்தில் இந்தக் கடற்கரைக்கு வந்து சேரும் சைக்கிள் கூட்டம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பரிசும் இல்லை, பந்தயமும் இல்லை. எங்கள் நான்கு நாள் வழியைவிட நீளமான அதை ஒரே இரவில் போகிறார்களே என்று மருமகனிடம் வியந்தேன். "இருட்டுல வேலி தெரியாதே மாமா" என்றார் அவர். அன்று மாலை வால்பர்ஸ்விக்கில் துடுப்புப் படகேறி, பிளைத் ஆற்றைக் கடந்து, தெருக்களுக்கு நடுவிலேயே கலங்கரை விளக்கம் நிற்கும் சவுத்வோல்டில் தங்கினோம்.

கடைசி நாள் காலையில் படகுக்குக் காத்திராமல் சற்று மேலேயுள்ள பாலத்தின் வழியாக ஆற்றைத் திரும்பக் கடந்தோம். 1929ல் மூடப்பட்ட சிற்றகல ரயிலின் பாலம் இருந்த இடம் அது. இப்போது நடப்பவர்களும் சைக்கிள்களும்தான் போகிறார்கள். சதுப்பு நிலத்தின் நடுவே கப்பல் தரைதட்டியதுபோல் பிளைத்பரா ஆலயம் நிற்கிறது. 1577 ஆகஸ்ட் 4ஆம் நாள் வழிபாட்டின்போது இடி விழுந்து கோபுரக் கூம்பு சரிந்தது. இடியோடு ஒரு கறுப்பு நாய் உள்ளே பாய்ந்தது என்றும், வடக்குக் கதவின் உட்புறத்திலுள்ள கருகிய வடுக்கள் அதன் நகங்கள் பட்டவை என்றும் சொல்கிறார்கள். வடுக்களில் விரலை வைத்துப் பார்த்தேன். பிளந்த விறகில் மெழுகுவர்த்திச் சூடு பட்டதுபோல் ஆழமற்றவை. மேலே மரக்கூரையில் இறக்கை விரித்த தேவதைகளின் உடம்பில் குண்டுத் துளைகள் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் உருவங்களை வெறுத்த மதத் தீவிரர்கள் சுட்டது என்று நெடுங்காலம் கதை நடந்தது. பழுது பார்த்தபோது கிடைத்த ஈயக் குண்டுகள், அடுத்த நூற்றாண்டில் கூரைக்குள் புகுந்த காக்கை இனப் பறவைகளைச் சுட்டவை என்று தெரிந்தது. எனக்கு இரண்டாம் கதைதான் பிடித்திருக்கிறது.

அங்கிருந்து ஹேல்ஸ்வொர்த் ரயில் நிலையத்துக்கு மெலிந்த மஞ்சள் கோட்டின் வழியே ஒன்றரை மணி நேரம் போதும். பாதி வழியில் வென்ஹாஸ்டன் என்னும் சிற்றூரில் மழை பிடித்துக்கொண்டது. சஃபோக் மழை குறைந்த மாவட்டம். சென்னையில் பெய்வதில் பாதியளவுகூட அங்கே ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. ஆனால் அந்தப் பாதியை அது சில்லென்று, சாய்வாக, காலர் வழியாகப் பெய்கிறது. சைக்கிள்களை மதிலில் சாய்த்துவிட்டு ஆலயத்துக்குள் ஒதுங்கினோம். கதவு பூட்டியிருக்கவில்லை, உள்ளே யாருமில்லை.

சுவரில் பெரிய மரப்பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதன் மேல் இறுதித் தீர்ப்பு நாளின் ஓவியம்: தராசில் நிறுக்கப்படும் ஆன்மாக்கள், கிரீடத்தைத் தவிர வேறொன்றும் அணியாத அரசர்கள், ஒரு மீனின் வாயைப் போலத் திறந்த நரகம். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டியது. மதச் சீர்திருத்த காலத்தில் அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். அங்கே ஓவியம் இருப்பதே ஊருக்கு மறந்துபோயிற்று. 1892ல் ஆலயத்தைப் பழுது பார்த்தபோது, உதவாத பழம் பலகை என்று கழற்றி, கல்லறைத் தோட்டத்தில் வெளியே போட்டுவிட்டார்கள். அன்றிரவு மழை பெய்தது. காலையில் வந்து பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து, பலகையிலிருந்து முகங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

மருமகன் கைப்பேசியில் நேரம் பார்த்தார். இப்போதே கிளம்பினால் ரயிலைப் பிடித்துவிடலாம், ஆனால் நனைய வேண்டும் என்றார். அடுத்த ரயில் எப்போது என்று கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்து என்றார். கைப்பையில் முந்தைய நாள் வேலியோரம் பறித்த பிளாக்பெர்ரிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன, பாதி நசுங்கிவிட்டன. கடைசி வரிசைப் பலகையில் உட்கார்ந்து இருவரும் அதைத் தின்னத் தொடங்கினோம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

வணக்கம்.